நிறைவுப் பாசுரத்தின் மூன்றாம் குரல்

காஞ்சியில் அத்திகிரியின் மேல் நின்று, வேண்டியவர்க்கு வேண்டியதைத் தரும் பெருமானே, சொல்பவன் நாவில் இருப்பவனும் நீ, கேட்பவன் செவியில் இருப்பவனும் நீ. கேட்டதைக் கேட்டபடி எழுதும் துணிவை அடியேனுக்கு அருள வேண்டும். கேளாததைக் கேட்டதாக எழுதும் ஆசை எழுமானால் அதை வேரோடு களைய வேண்டும்.

இன்று ஐப்பசித் திருவோணம், வளர்பிறை, வியாழக்கிழமை. எங்கள் ஊர்ப் பொய்கையில் தாமரை மலரில் தோன்றியவராக நாங்கள் வணங்கும் பெரியவரின் திருநாள். பல ஆண்டுகளாக எழுதாமல் வைத்திருந்த ஒன்றை எழுதத் தொடங்க இதைவிட நல்ல நாள் எனக்கு வாய்க்காது.

என் தமையனார் எனக்கு ஒன்பது வயது மூத்தவர். எங்கள் தந்தையாரின் பிறந்த நாளான திருநட்சத்திரம் வரும்போதெல்லாம், சின்ன காஞ்சிபுரத்தில் உள்ள எங்கள் வீட்டுக் கூடத்தில் நாங்கள் இருவரும் எதிரெதிரே அமர்ந்து ஆழ்வார் பாசுரங்களில் ஆறு பதிகங்களை ஓதிச் சேவிப்போம். ஒவ்வொரு பாசுரத்திலும் முன் இரண்டடி அவருடையது, பின் இரண்டடி என்னுடையது. ஒரு பதிகம் முடியும்போது அதன் கடைசியான நிறைவுப் பாசுரத்தை மட்டும் இரண்டு முறை சொல்வது மரபு. பதிகத்தைச் சொல்பவர் அடையும் பயனை எடுத்துரைப்பது அந்தப் பாசுரந்தான். இந்த வழக்கத்தை வாசிப்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். நான் சொல்லப்போவது முழுவதும் கடைசியில் இதில்தான் வந்து நின்றது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு முறை அதை வீடியோவில் எடுத்தோம். எடுத்தவர் எங்கள் தெருமுனையில் வீடியோ கடை வைத்திருந்தவர். பல தலைமுறைகளாக இந்த ஊரில் பட்டு வணிகம் செய்த முஸ்லிம் குடும்பத்தைச் சேர்ந்தவர். கல்யாணம், கருட சேவை, கந்தூரி எதுவானாலும் கேமராவைத் தோளில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுவார். ஊரில் எல்லோருக்கும் அவர் பாய். எங்கள் இருவரையும் பக்கவாட்டில் நின்று எடுத்து, கேசட்டை அன்று மாலையே கொண்டுவந்து கொடுத்தார். தமையனாரின் மனைவியான என் மன்னி அதைப் பட்டுப் புடவைகளுக்கு நடுவே பீரோவில் வைத்துப் பூட்டினாள். அதன் பிறகு அதை யாரும் போட்டுப் பார்க்கவில்லை. சில ஆண்டுகளில் தமையனார் பரமபதித்தார்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஓர் ஆண்டில், அவருடைய திதிக்குப் பதினைந்து நாட்கள் இருக்கையில், மன்னி கேசட்டை எடுத்து என் கையில் வைத்தாள். ஒன்பது வயதுச் சிறுவனாக நான் இருந்தபோது அந்த வீட்டுக்கு மணமகளாக வந்தவள் அவள். என்னை ஒருமையில்தான் அழைப்பாள். அப்போது அவளுக்குப் பார்வை வெகுவாகக் குறைந்திருந்தது.

"அவர் குரல் எனக்கு மறந்துண்டு வரதுடா," என்றாள். "ராத்திரி படுத்துண்டு நினைச்சுப் பாக்கறேன், உன் குரல்தான் வரது. முகம் எனக்கு வேண்டாம், எப்படியும் தெரியப்போறதில்லை. குரலைக் கேக்கப் பண்ணு. திதிக்குள்ள."

மறந்துபோன இடத்தில் என் குரல் வந்து நிற்கிறது என்பது எனக்குக் கூச்சமாக இருந்தது. ஒருவருடைய இடத்தில் நான் தெரியாமல் உட்கார்ந்துவிட்டதைப் போல.

கேசட்டை பாயிடம் கொண்டுபோனேன். பழைய கேசட்டுகளைக் கணினியில் ஏற்றிக் குறுந்தகடாக்கித் தருவதற்காக அவர் புதிதாக ஒரு பெட்டியைக் கட்டியிருந்தார். வீடியோவை உள்வாங்கும் அட்டை ஒன்றை அதற்குள் செருகியிருந்தார். அட்டை மட்டும் பழையது. யாரோ விற்றதை வாங்கியிருந்தார்.

"பொட்டி ரெடி சாமி. எந்த சிஸ்டம் போடறதுன்னுதான் ஒரே ரோதனையா இருக்குது. தொண்ணூத்தெட்டு போடுன்றான் ஒருத்தன். ரெண்டாயிரம் போடுன்றான் இன்னொருத்தன். காலேஜ் வாத்தியார் ஒருத்தர் லினக்ஸுன்னு சிடி குடுத்துட்டுப் போனார். அத்த நான் தொடல. ஒவ்வொண்ணுக்கும் பரீட்சை எழுதணும் போல இருக்குது."

தொண்ணூற்றெட்டு, இரண்டாயிரம் என்று அவர் சொன்னவை விண்டோஸின் இரண்டு பதிப்புகள். எனக்கு இரண்டும் ஒன்றுதான். முதலில் தொண்ணூற்றெட்டைப் போட்டுப் பார்ப்பது என்று அவரே முடிவு செய்தார்.

கோயில் நடை சாத்தியிருக்கும் உச்சிப் பொழுதுகளில்தான் அவருக்கு ஓய்வு. அந்த நேரத்தில் போனேன். கடையின் ஒரு சுவருக்கு அப்பால் நெசவு வீடு. தறியின் அடி சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. பாய் கேசட்டை ஓடவிட்டார். பக்கத்திலிருந்த சிறு டிவியிலும் கணினித் திரையிலும் ஒரே நேரத்தில் தமையனார் தோன்றினார். அவருக்கு எதிரே, தலைமுடி இன்னும் கறுத்திருந்த நான். குரலைக் கேட்டதும் நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

இரண்டு பதிகங்கள் முடிந்தன. மூன்றாவது பதிகத்தின் இரண்டாம் பாசுரத்துக்காகத் தமையனார் வாய் திறந்தார். கணினித் திரை அப்படியே நின்றது. பாய் சட்டென்று கேசட்டையும் நிறுத்தினார்.

"ஃபைலு ரொம்பிடுச்சு சாமி. இந்த சிஸ்டத்துல ஒரு ஃபைலு நாலு ஜிபிய தாண்டாது. பத்தொம்பது நிமிஷம், அவ்ளோதான்."

அவர் சொன்னது என் காதில் விழுந்தது. கண் திரையை விட்டு நகரவில்லை. திறந்த வாய், உயர்ந்த புருவம், என்னைப் பார்த்தபடி நிலைத்த கண்கள். சொல் உதட்டுக்கு வந்து, வெளியேற வழியில்லாமல் நிற்கும் ஒரு முகம். தொடங்கிய பாசுரத்தை நடுவில் விடுவது எங்கள் வீட்டில் இல்லை. என்னை அறியாமல் அவருடைய முன் இரண்டடியை நான் சொன்னேன். பிறகு என்னுடைய பின் இரண்டடியையும் சொல்லி முடித்தேன்.

"இன்னா சாமி, அண்ணனுக்கே எடுத்துக் குடுக்கறீங்க?"

"பாதியில நிறுத்தப்படாது பாய்."

"அது சரிதான். எங்க வீட்டுலயும் ஓதறப்போ நடுவுல எழுந்தா அம்மா விசிறிக் கட்டையாலயே போடும்."

சிரித்துக்கொண்டே வீடியோப் பெட்டியைத் திறந்து பார்த்தவரின் சிரிப்பு நின்றது. நாடாவை வாசிக்கும் உருளையின் மேல் பழுப்பு நிறத்தில் பொடி படிந்திருந்தது. கேசட் தன் மேற்பூச்சை உதிர்த்துக்கொண்டிருக்கிறது, ஒவ்வொரு முறை ஓடும்போதும் குரலும் உருவமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பொடியாகிப் போகின்றன என்று விளக்கினார். இன்னும் இரண்டு முறைக்கு மேல் தாங்காது, நடுவில் நிறுத்தி மறுபடி ஓட்டினால் உருளையில் ஒட்டி அறுந்துவிடும் என்றார். பொடியைப் பஞ்சில் துடைத்து எடுத்தார். அந்தப் பஞ்சைக் குப்பையில் போட எனக்கு மனம் வரவில்லை; தாளில் மடித்து மடியில் வைத்துக்கொண்டேன்.

இரண்டு நாட்களுக்குப் பின் பெட்டியை அழித்து இரண்டாயிரத்தைப் போட்டார். அதில் நான்கு ஜிபி என்ற எல்லை கிடையாது. அன்று கேசட் தொடக்கத்திலிருந்து முடிவுவரை நிற்காமல் ஓடி ஏறியது. "முடிஞ்சுது சாமி, மன்னிக்குச் சொல்லி அனுப்புங்க," என்றார். ஏறியதைப் போட்டுப் பார்த்தோம்.

முதல் பதிகத்தில் குறையொன்றும் இல்லை. இரண்டாவதில் ஏதோ ஒன்று உறுத்தியது. என்னவென்று சொல்லத் தெரியவில்லை. மூன்றாவதில் தெரிந்தது: உதடு முன்னால் போய்க்கொண்டிருந்தது, குரல் பின்தங்கி வந்தது. பழைய அட்டை இந்தப் புதிய சிஸ்டத்தோடு ஒத்துப்போகாமல் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் படங்களைத் தவறவிட்டிருந்தது. குரலை மட்டும் தவறவிடவில்லை. விட்ட படங்கள் சேரச் சேர, உருவம் குரலை முந்திக்கொண்டு ஓடியது.

ஆறாவது பதிகத்தில் அந்த இடைவெளி சரியாக அரைப் பாசுரம் ஆகியிருந்தது. தமையனார் வாய் அசைத்தபோது என் குரல் கேட்டது. அவர் வாயை மூடிக்கொண்டு என்னை அமைதியாகப் பார்த்திருக்க, அவருடைய குரல் என் வாயிலிருந்து வந்தது. ஒன்றிரண்டு கணம் அல்ல, பாசுரத்துக்குப் பாசுரம் அப்படியே. திரையில் இருந்த நான் அதை அறியாமல் தலையை ஆட்டி ஆட்டி அவர் குரலில் சேவித்துக்கொண்டிருந்தேன். மன்னி இரவில் கேட்கும் குரலைப் பற்றிச் சொன்னது நினைவுக்கு வந்தது. திரையை அணைக்கச் சொன்னேன்.

பாய் குரலை முன்னே நகர்த்திப் பார்த்தார். ஓரிடத்தில் பொருந்தினால் மற்றோரிடத்தில் பிசகியது. படங்கள் ஒரே சீராக விடுபட்டிருக்கவில்லை. குரலை மட்டும் தனியே எடுத்துக்கொள்ளலாமே என்று கேட்டேன். படங்கள் விடுபட்ட பல இடங்களில் குரலிலும் நறநறவென்று இரைச்சல் ஏறியிருந்தது. இதைக் கொண்டுபோய் மன்னியின் முன் வைக்க முடியாது. பெட்டியில் ஹார்ட் டிஸ்க் ஒன்றுதான். மறுபடி தொண்ணூற்றெட்டைப் போடுவதானால் இப்போது ஏறியது முழுவதும் அழியும். உருளையின் மேல் முன்னைவிட இரு மடங்கு பொடி.

"இனி ஒரே ஒரு தடவதான் சாமி," என்றார் பாய். "எந்த சிஸ்டம்னு நீங்களே சொல்லிடுங்க. நான் சொல்லி, போயிடுச்சுன்னா, அந்தம்மா மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

இரண்டு நாட்கள் இதையே எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு சிஸ்டம் முழுமையாக வாங்கும், ஆனால் பத்தொன்பது நிமிடத்தில் வாயை அடைத்துவிடும். மற்றொன்று அடைக்காது, ஆனால் யார் குரல் யாருடையது என்பதைக் குழப்பிவிடும். மூன்றாம் நாள் காலை வீட்டில் தனியே சேவித்துக்கொண்டிருந்தேன். பதிகம் முடிந்து, நிறைவுப் பாசுரத்தை ஒருமுறை சொல்லி, வழக்கம்போல மறுமுறை தொடங்கினேன். தொடங்கிய நாவு அப்படியே நின்றது. எந்தப் பாசுரத்தையும் நடுவில் நிறுத்தாதவன் அன்று நிறுத்தினேன், பெருமாள் பொறுத்திருப்பார்.

நேரே கடைக்குப் போய் பாயிடம் சொன்னேன். எங்கள் நடையில் இரண்டு பதிகம் பதினெட்டு நிமிடம். பத்தொன்பதாவது நிமிடம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இரண்டாவது பதிகத்தின் நிறைவுப் பாசுரத்தை முதல் முறை சொல்லும்போது, தமையனாரின் பாதி முடிந்ததும் நான் விரலை உயர்த்துகிறேன். கேசட்டை நிறுத்தாமல் கணினியை மட்டும் நிறுத்தி, புதிய ஃபைலைத் தொடங்கிவிடுங்கள். அந்த இடைவெளியில் விழுந்து போவது என் பாதி. அதே பாசுரம் மறுமுறை முழுதாக வரப்போகிறது. ஒரு சொல்லும் குறையாது. நான்காவது பதிகத்தின் முடிவிலும் அப்படியே.

பாய் விரல்விட்டு நிமிடங்களை எண்ணிப் பார்த்தார். "ரெண்டு தடவ சொல்லணும்னு வெச்ச பெரியவங்களுக்கு நாலு ஜிபி கணக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்குது," என்றார். ஒரு கல்யாணக் கேசட்டை வைத்து ஒத்திகை பார்த்தார். நிறுத்தித் தொடங்க பதினைந்து விநாடி ஆயிற்று. எங்கள் அரைப் பாசுரத்துக்கு இருபது விநாடிக்கு மேல். தொண்ணூற்றெட்டு என்று முடிவாயிற்று.

திதிக்கு மூன்று நாட்கள் இருந்தன. அதே உச்சிப் பொழுது. சுவருக்கு அப்பால் தறி ஓடிக்கொண்டிருந்தது. பாய் ஒரு கையை விசைப்பலகையின் மேல் வைத்துக்கொண்டு, என் விரலைத் தவறவிடக் கூடாதென்று திரையைப் பாராமல் என் முகத்தையும் கையையுமே பார்த்திருந்தார். இரண்டாவது பதிகத்தின் முடிவில் விரலை உயர்த்தினேன். நிறுத்தினார், தொடங்கினார், பாசுரம் மறுமுறை முழுதாக ஏறியது. நான்காவது பதிகத்தின் முடிவிலும் உயர்த்தினேன். நிறுத்தினார், தொடங்கினார். தமையனார் அந்தப் பாசுரத்தை மறுமுறை சொல்வதற்கு வாய் திறந்தார்.

டிவியில் அவர் முகம் வெண்புள்ளிகளாகச் சிதறியது. குரல் இருந்த இடத்தில் மணலை முறத்தில் தேய்ப்பது போன்ற ஓசை மட்டும். உயர்த்திய விரலை இறக்கவும் மறந்து உட்கார்ந்திருந்தேன். எந்தப் பாதுகாப்பை நம்பி இதில் இறங்கினோமோ அந்த இடத்திலேயே நாடா உதிர்ந்திருந்தது. இருபது விநாடி கழித்துப் படம் திரும்பியது. திரையில் நான் என் பாதியைச் சொல்லிக்கொண்டிருந்தேன். மீதி இரண்டு பதிகங்களும் ஊறின்றி ஓடின. கடைசியில் கேசட்டை வெளியே எடுத்தபோது நாடாவின் ஓரம் சுருண்டு, ஒளி ஊடுருவும் அளவுக்கு வெளிறிப் போயிருந்தது. இனி அது கேசட் அல்ல.

"போனது ஒரு பாதிதான் சாமி," என்று பாய் என்னைத் தேற்றினார். "முதல் தடவ சொன்னாரே, அந்தப் பாதி முந்தின ஃபைல்ல பத்திரமா இருக்குது. அத்த எடுத்து இங்க ஒட்டிடறேன்."

ஒட்டுவதற்கு முன் அந்த இடத்தை ஒருமுறை போட்டுப் பார்த்தோம். புள்ளிகள் வந்தன. அவற்றின் நடுவே, தெளிவாக, ஒரு குரல் தமையனாரின் பாதியைச் சொன்னது.

தமையனாரின் குரல் போன்றது. ஆனால் கேசட்டில் உள்ள குரல் அல்ல. அதைவிடத் தளர்ந்தது, அடியில் கரகரப்புள்ளது, சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே மூச்சு வாங்குவது. இருவர் மட்டும் அமர்ந்து சேவித்த கூடத்தில் மூன்றாவது குரல். பாசுரத்தின் பாதியைப் பிழையில்லாமல் சொல்லிவிட்டு, இளைய நான் பின் இரண்டடியை எடுத்துக்கொள்ளும்படி சரியான இடத்தில் நின்றது.

மூன்று முறை போட்டுக் கேட்டோம். பிறகு பாய் ஒலிக்கான கட்டத்தைத் திறந்து பார்த்து, பெருமூச்சு விட்டார். மைக் என்ற இடம் திறந்தே இருந்தது. மைக்கோடு கூடிய ஹெட்போன் ஒன்று திரையின் ஓரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. "உங்க குரல்தான் சாமி. அன்னிக்கு மாதிரியே அவருக்கு எடுத்துக் குடுத்திருக்கீங்க. மைக்குல விழுந்துடுச்சு."

எனக்கும் மனம் அடங்கியது. அண்ணன் தம்பி குரல் ஒத்திருப்பதில் வியப்பில்லை. அன்று திரை நின்றபோது சொன்னவன் இன்றும் சொல்லியிருப்பேன். பாய் மைக்கை மூடப் போன கையை நடுவில் நிறுத்தினார். அவருடைய முகம் மாறியது.

"ஆனா நீங்க வாயே திறக்கல சாமி," என்று மெதுவாகச் சொன்னார். "நான் உங்க மூஞ்சியத்தான பாத்துக்கினு இருந்தேன்."

சுவருக்கு அப்பால் தறி அடித்துக்கொண்டிருந்தது. மைக் என் குரலை வாங்கியிருந்தால் தறியோசையையும் வாங்கியிருக்க வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் அதை நினைத்தோம் என்று எண்ணுகிறேன். பாய் நான்காவது முறையாக அந்த இடத்தைப் போட்டார். குரல் இருந்தது. தறி இல்லை.

மழைக்கு ஒதுங்கி நெருங்கி நின்ற மூன்று ஆழ்வார்கள், தங்களுக்கிடையே நான்காமவர் ஒருவர் நெருக்குவதை உணர்ந்த வரலாற்றைக் கேட்டு வளர்ந்தவன் நான். இன்று திருநாள் காணும் பெரியவர் அம்மூவரில் ஒருவர். நெருக்கியவர் பெருமாளே என்று அவர்களுக்குப் பாசுரத்தையே விளக்காக ஏற்றிப் பார்க்கத் தெரிந்தது. எனக்கு அந்த விளக்கு இல்லை.

"ஒட்டிடட்டுமா சாமி?" என்றார் பாய்.

வேண்டாம் என்றேன். அவர் ஒருமுறை சொன்னதை எடுத்து இருமுறை சொன்னதாக ஆக்குவது அவர் சொல்லாததை அவர் வாயில் வைப்பதாகும். குறுந்தகட்டை அப்படியே எழுதித் தரச் சொன்னேன்.

திதியன்று எல்லாம் முடிந்த பின், கூடத்தில் மன்னியை அமர்த்திக் குறுந்தகட்டைப் போட்டேன். அந்த இடத்தைப் பற்றி அவளிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. முதல் சொல் கேட்டதும் கை கூப்பினாள், அதன்பின் அசையவில்லை. நான்காவது பதிகத்தின் முடிவு வந்தது. புள்ளிகள் வந்தன. அந்தக் குரல் வந்தது.

மன்னி தலையை நிமிர்த்தினாள். பார்வை மங்கிய கண்கள் டிவியின் பக்கம் திரும்பவில்லை. தமையனார் எப்போதும் அமரும் தூணடிக்குத் திரும்பின.

"வயசாயிடுத்து அவருக்கு," என்றாள்.

"அது நான்தான் மன்னி. மைக் திறந்திருந்ததாம்."

"உன் குரல் எனக்குத் தெரியாதா? தினம் ராத்திரி அதைத்தான கேக்கறேன்," என்றாள், பொறுமையாக. "அவர் இருந்திருந்தா இப்போ இப்படித்தான் இருப்பார். பேசாம இரு. இன்னும் ரெண்டு பதிகம் இருக்கு."

அதன் பிறகு தான் வாழ்ந்த காலம்வரை, தமையனாரின் குரல் மறந்துவிட்டதாக அவள் சொன்னதில்லை. பாய் பின்னால் எத்தனையோ புதிய கணினிகளை வாங்கினார். அந்தப் பெட்டியில் மட்டும் தொண்ணூற்றெட்டை மாற்றவில்லை. கடைக்குள் போனால் அந்தப் பெட்டியின் மைக் துளையில் ஒரு துண்டுப் பஞ்சு அடைத்திருப்பது தெரியும்.

இப்போதும் ஆண்டுக்கொருமுறை திதியன்று நான் தனியே அமர்ந்து அதைப் போடுகிறேன். எனக்கு இன்று தமையனார் கண்ட வயதைவிடக் கூடுதல். என் குரலும் இப்போது அந்தக் குரலைப் போலவே தளர்ந்து, அடியில் கரகரப்பு ஏறி, சொல்லுக்குச் சொல் மூச்சு வாங்குகிறது. நான்காவது பதிகத்தின் முடிவு நெருங்கும்போது என் உதடுகளின் மேல் ஒரு விரலை வைத்துக்கொள்கிறேன், அவை அசைகின்றனவா என்று அறிவதற்காக. புள்ளிகள் வருகின்றன, குரல் வருகிறது, விரலின் கீழே உதடுகள் அசைவதில்லை.

பாதியில் நின்ற சொல்லை எவரோ எடுத்து முடித்துவைத்த இந்தக் கதையைப் படித்தவர் அனைவருக்கும், அவர்கள் தொடங்கிய நற்சொல் ஒன்றும் நடுவில் அறுபடாதிருக்கட்டும். அவர்கள் நா ஓயும் இடத்தில் அன்புடைய ஒரு குரல் வந்து எடுத்துக்கொள்ளட்டும். அத்திகிரிப் பெருமான் அவர்கள் இல்லங்களில் கேட்பவனாக என்றும் அமர்ந்திருப்பானாக.